சங்குக்கரைக்கு என்ன விலை

அயனாவரத்தில் மீன் வளர்க்கிறவர்கள் யாரைக் கேட்டாலும் வாத்தியாரம்மா வீட்டைக் கைகாட்டுவார்கள். மற்றவர்களிடம் அந்தப் பெயரைச் சொன்னால் விழிப்பார்கள். அவர்களுக்கு மருந்துக்கடை பிலோமினா என்று சொன்னால்தான் புரியும்.

அந்த அம்மாள் எந்தப் பள்ளிக்கூடத்திலும் பாடம் நடத்தியதில்லை. பகலெல்லாம் மருந்துக்கடையில் சீட்டைப் பார்த்து மாத்திரை எடுத்துக்கொடுக்கிற வேலை. மீதி நேரம் வீட்டு மாடியில், தனித்தனிப் பாட்டிலில் வளர்க்கும் ஃபைட்டர் என்ற சண்டை மீன்களோடு. வயது நாற்பத்து நான்கு. கற்றுக்கொள்ள வந்தவர்களில் பாதிப் பேர் அவரைவிட மூத்தவர்கள். தணிகாசலத்துக்கு ஐம்பத்தேழு.

தணிகாசலம் கம்பெனியில் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வீட்டில் உட்கார்ந்தவர். உட்கார்ந்த ஆறாம் மாதமே, வீட்டில் தன்னை யாரும் எதற்கும் கேட்பதில்லை என்று அவருக்கு விளங்கிவிட்டது. டிவி எந்தச் சேனலில் ஓடவேண்டும் என்றுகூடக் கேட்கவில்லை. அப்போதுதான் மீன் பக்கம் வந்தார்.

வந்தவர் நல்ல மாணவர், அதைச் சொல்லியே ஆகவேண்டும். கை சுத்தம். பொறுமை. தண்ணீரை முகர்ந்தே மாற்றி எத்தனை நாள் ஆச்சு என்று சொல்லிவிடுவார். மூன்று வருஷம் வாத்தியாரம்மா மாடியில் பாட்டில் கழுவினார், தீனிக்குக் கொசுப்புழு வடிகட்டினார், தண்ணீரில் போடப் பாதாம் சருகு பொறுக்கிக் காயவைத்தார். ஒரு நாள்கூட சங்குக்கரை வேண்டும் என்று வாய்விட்டுக் கேட்கவில்லை.

சங்குக்கரை என்பது வாத்தியாரம்மா பதினோரு வருஷமாகத் தேர்ந்து தேர்ந்து உண்டாக்கிய மீன். உடம்பெல்லாம் கன்னங்கரேல் என்று இருக்கும். துடுப்பின் ஓரத்தில் மட்டும் சங்கு நிறத்தில் மெல்லிய ஒரு கரை. அந்த அழகெல்லாம் ஆண்மீனுக்குத்தான். பெண்மீன் அழுக்குச் சாம்பல் நிறம், குட்டை வால், பார்க்க ஒன்றுமே இல்லை. ஆனால் அந்தப் பெண்மீன் இல்லாமல் கரை குஞ்சுக்கு இறங்காது. வேறு எந்தப் பெண்மீனோடு சேர்த்தாலும் வெறும் கறுப்புதான் பொரியும். பலபேர் முயன்று பார்த்து விட்டுவிட்டார்கள்.

அந்தக் கூட்டத்தில் சங்குக்கரையை யாரும் விற்பதில்லை. ஜோடியாகக் கொடுப்பார்கள். வாங்கியவர் முதல்முறை பொரிந்த குஞ்சில் பத்தைத் திருப்பித் தரவேண்டும். மீன் செத்துப்போனால், எப்படிச் செத்தது என்று உள்ளதை உள்ளபடி சொல்லவேண்டும். இந்த இரண்டுதான் வழக்கம். எங்கேயும் எழுதிவைக்கவில்லை, யாரும் மீறியதும் இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை வாத்தியாரம்மா இரண்டு பாட்டில்களை எடுத்துத் தணிகாசலத்தின் முன்னால் வைத்தார்.

"எடுத்துக்குங்கண்ணே."

தணிகாசலம் இரண்டு கையையும் வேட்டியில் துடைத்துக்கொண்டார். கல்யாணத்தன்றுகூட இப்படித் துடைக்கவில்லை.

"எனக்கா?"

"வேற யாருக்கு? லத்தீஃப் பாய்கிட்ட இருக்கு, கோதண்டம் சார்கிட்ட இருக்கு, என்கிட்ட இருக்கு. நாலாவதா உங்க வீடு."

தணிகாசலம் பாட்டிலைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். பார்த்துக்கொண்டே கேட்டார்.

"வாத்தியாரம்மா, ஒண்ணு கேக்கலாமா?"

"கேளுங்க."

"வெளியில இதுக்கு என்னென்னமோ விலை சொல்றாங்க. நீங்க சும்மா தூக்கிக் குடுக்கறீங்க. நியாயமா இதுக்கு என்ன விலை?"

வாத்தியாரம்மா ஈரக்கையைப் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டார்.

"இப்ப உங்களுக்கு ஒரு ஜோடி குடுத்தேனே. என் மீன் குறைஞ்சிருக்கா, கூடியிருக்கா?"

"குறைஞ்சுதான் இருக்கு. ரெண்டு போச்சே."

"அப்படியா தெரியுது உங்களுக்கு?"

வாத்தியாரம்மா அடுத்த பாட்டிலைக் கழுவப் போய்விட்டார். கேட்டதற்குப் பதில் வரவில்லையே என்று தணிகாசலத்துக்குக் கொஞ்சம் மனக்குறை. ஆனால் கையில் சங்குக்கரை இருந்தது. குறையெல்லாம் ஆட்டோவில் ஏறும்போதே மறந்துபோனது.

நாற்பது நாளில் ஆண்மீன் நுரைக்கூடு கட்டியது. முட்டை விழுந்தது. பொரிந்ததில் இருபத்தாறு தங்கின. மாதம் மூன்று ஆனபோது சின்னதுகளின் துடுப்பில் கரை தெரிய ஆரம்பித்தது. தணிகாசலம் மனைவி சம்பூரணத்தைக் கூப்பிட்டுக் காட்டினார்.

"பாரு, பாரு. ஓரத்துல தெரியுதா?"

"தெரியுது தெரியுது. தயிர் வாங்கிட்டு வாங்க."

மாப்பிள்ளை தீனதயாளன் வந்திருந்தார். மொட்டைமாடியில் வரிசையாக இருந்த பாட்டில்களைப் பார்த்துவிட்டு, "என்ன மாமா, பழைய பாட்டில் வியாபாரம் ஆரம்பிச்சிட்டீங்களா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். தணிகாசலமும் சிரித்தார். சிரித்துவிட்டுத் தயிர் வாங்கப் போனார். வழியெல்லாம் நெஞ்சு எரிந்தது.

திருப்பித் தரவேண்டிய பத்துக் குஞ்சைத் தனித்தொட்டியில் பிரித்துவைத்தவர் அவர்தான். யாரும் சொல்லாமலே, இருப்பதில் நல்லதாகப் பொறுக்கி வைத்தார். ஆரம்பத்தில் அந்த மனுஷன் மனசு அப்படித்தான் இருந்தது. பிறகு, மாப்பிள்ளை கேலி செய்த அன்று மத்தியானம், ஒரு போட்டோ போட்டார்.

ஃபோனில் மீன்காரர்கள் குழு ஒன்று உண்டு, ஊர் ஊராக ஆயிரம் பேர் அதில். ஆண்மீன் துடுப்பை விரித்து நின்ற படத்தை அதில் போட்டுவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார். சாதத்தில் கைவைப்பதற்குள் ஃபோன் அடித்தது. கோயம்புத்தூரிலிருந்து நிவாஸ் என்று ஒருவன்.

"சார், அந்த ஜோடி இருக்கா?"

"இருக்கு. விக்கறதுக்கு இல்ல."

"பதினெட்டு தர்றேன் சார்."

"ஆயிரத்தெண்ணூறா?"

"என்ன சார் விளையாடறீங்க. பதினெட்டாயிரம்."

தணிகாசலம் ஃபோனை மூடிவைத்தார். பாதியில் எழுந்து கை கழுவினார். கொஞ்ச நேரம் கழித்து மாப்பிள்ளையிடம் போய், ஏதோ போகிறபோக்கில் சொல்கிற மாதிரி, "ஒருத்தன் பதினெட்டாயிரம் தர்றேங்கறான், இந்த ரெண்டு மீனுக்கு" என்றார்.

தீனதயாளன் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"நிஜமாவா மாமா?"

சம்பூரணம் சமையல்கட்டிலிருந்து எட்டிப் பார்த்தாள். அன்று சாயங்காலம் மூன்று பேரும் மாடிக்கு வந்து ஒவ்வொரு பாட்டிலாகப் பார்த்தார்கள். மாப்பிள்ளை சந்தேகம் கேட்டார், மாமனார் விளக்கம் சொன்னார். அந்த வீட்டில் அவர் பேச்சை மற்றவர்கள் உட்கார்ந்து கேட்டு எவ்வளவு காலம் ஆகியிருந்தது! பணம்தான் அந்த மனுஷனைக் கெடுத்தது என்று பிறகு எல்லோரும் பேசினார்கள். எனக்கென்னவோ அந்தச் சாயங்காலம்தான் கெடுத்தது என்று படுகிறது.

முதலில் நிவாஸுக்குப் பதினாறு குஞ்சைக் கொடுத்தார். பத்தைத் தொடவில்லை. ஆக்சிஜன் அடித்த கவரில் போட்டு, தெர்மகோல் பெட்டியில் அடுக்கி, ஆம்னி பஸ்ஸில் ஏற்றிவிட்டார். பெட்டி போய்ச் சேர்ந்ததும் பணம் வந்தது.

நிவாஸ் மறுபடி கூப்பிட்டான்.

"சார், மீதி பத்து இருக்குன்னீங்களே?"

"அது குடுக்கவேண்டியது."

"யாருக்கு?"

"எங்க வாத்தியாரம்மாவுக்கு."

"அவங்ககிட்டதான் நிறைய இருக்குமே சார்."

நியாயம்தானே என்று தணிகாசலத்துக்குத் தோன்றியது. அவர்கிட்ட முப்பது நாற்பது இருக்கிறது. இந்தப் பத்து போனால் அவருக்கு என்ன குறைந்துவிடப்போகிறது? பத்தும் போயின. கடைசியில் தாய்மீனும் தகப்பன்மீனும் போயின. கேட்டால் வாத்தியாரம்மா இன்னொரு ஜோடி தருவார், மாட்டேன் என்று சொல்கிற ஆள் இல்லை என்று கணக்குப் போட்டார்.

கேட்கவேண்டுமென்றால் பழைய ஜோடி என்ன ஆயிற்று என்று சொல்லியாகவேண்டும். அதற்கும் ஒன்று யோசித்துவைத்தார்.

மருந்துக்கடைக்கே போனார். மத்தியான நேரம், கடையில் ஆள் இல்லை.

"வாத்தியாரம்மா, குஞ்சு தங்கல."

மாத்திரை அட்டையைக் கத்தரித்துக்கொண்டிருந்தவர் கத்தரியைக் கீழே வைத்தார்.

"எத்தனை போச்சு?"

"எல்லாமே. பெருசு ரெண்டும் சேத்து."

"எப்படிப் போச்சு?"

"வயிறு ஊதிக்கிச்சு. தீனி எடுக்கல. மூலையில போய்ச் சாஞ்சு நின்னுச்சு."

"செதில் தூக்கிக்கிச்சா?"

"தூக்கிக்கிச்சு."

"முதுகு?"

தணிகாசலம் ஒரு விநாடி தயங்கினார். எப்போதோ ஒரு கடைத் தொட்டியில் பார்த்த சீக்கு மீன் ஒன்று நினைவுக்கு வந்தது.

"வளைஞ்சுபோச்சு."

"எல்லாத்துக்குமா? அண்ணே, நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. எல்லாத்துக்குமே முதுகு வளைஞ்சுதா?"

"எல்லாத்துக்கும்."

வாத்தியாரம்மாவின் முகம் வெளிறியது. ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தார். தணிகாசலம் தன் பொய் எடுபட்டதென்று நினைத்துக்கொண்டார். மூன்று வருஷம் அந்த மாடியில் கற்றதெல்லாம் அந்தப் பொய்க்குக் கைகொடுத்தது. மீன் தெரியாதவன் சொல்லியிருந்தால் அவர் இரண்டாவது கேள்வியிலேயே கண்டுபிடித்திருப்பார்.

"தண்ணி சரியாத்தானே வெச்சிருந்தீங்க?"

"ஆமா."

"நீங்க சரியாத்தான் வெச்சிருப்பீங்க. உங்க மேல தப்பில்ல." கத்தரித்த அட்டையை ஓரமாகத் தள்ளிவிட்டு, "மனசுல வெச்சுக்காதீங்கண்ணே" என்றார்.

"இன்னொரு ஜோடி..."

"கொஞ்சம் பொறுங்க. நானே சொல்லியனுப்பறேன்."

தணிகாசலம் நிம்மதியாக வெளியே வந்தார். வழியில் ஒரு சோடா குடித்தார். அப்படி ஒரு நிம்மதி.

பத்து நாள் கழித்து, மாதத்தின் முதல் ஞாயிறு, எல்லோரும் வழக்கம்போல வாத்தியாரம்மா மாடியில் கூடினார்கள். தணிகாசலம் ஏறும்போதே வித்தியாசம் தெரிந்தது. இடதுபக்க அலமாரியில் பாட்டில்கள் எல்லாம் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன. பிளீச்சிங் பவுடர் வாடை மூக்கில் ஏறியது.

பட்டாளம் ஏரியாவிலிருந்து லத்தீஃப்பும் ஓட்டேரியிலிருந்து கோதண்டமும் ஏற்கெனவே வந்திருந்தார்கள். 

"சங்குக்கரை எங்க?" என்றார் தணிகாசலம்.

வாத்தியாரம்மா எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்.

"அண்ணன் வீட்டுல குஞ்சு மொத்தமா போயிடுச்சு. முதுகு வளைஞ்சு, வயிறு ஊதி. அது மீனுக்கு வர்ற காசநோய். மருந்து கிடையாது. வெளியில தெரியறதுக்கு மாசக்கணக்காகும். என்கிட்டேருந்து போன ஜோடியில இருந்துச்சுன்னா என் மீன் எல்லாத்துலயும் இருக்கும். இதோட விட்டா உங்க எல்லார் தொட்டிக்கும் வந்துடும். அதனால..."

அவர் கவிழ்ந்திருந்த பாட்டில்கள் பக்கம் கையைக் காட்டினார். லத்தீஃப் எடுத்துச் சொன்னார்.

"அம்மா அன்னிக்கு ராத்திரியே ஃபோன் பண்ணிச்சு. நானும் கோதண்டமும் எங்ககிட்ட இருந்ததை முடிச்சிட்டோம். கிராம்பு எண்ணெய் கலந்த தண்ணியிலதான் விட்டோம். கஷ்டப்படாம போயிடும்."

"எத்தனை?" என்றார் யாரோ.

"என்கிட்ட பன்னெண்டு. கோதண்டத்துகிட்ட ஒன்பது. அம்மாகிட்ட முப்பத்தெட்டு."

தணிகாசலம் மனசுக்குள் கூட்டிப் பார்த்தார், ஐம்பத்தொன்பது. காசநோய் விஷயம் அவருக்குத் தெரியாததில்லை. காசம் வந்தால் கொடுத்தவர் தன் மீனை முழுக்க அழித்துவிடவேண்டும் என்று எப்போதோ கேள்விப்பட்டிருந்தார். பொய்யை ஜோடிக்கும்போது அது நினைவில் வரவில்லை. வந்திருந்தால்? சொல்லத் தெரியவில்லை. அந்த நேரத்தில் அவருக்கு முதுகு என்ற கேள்விக்கு ஒரு பதில் வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

கோதண்டம் வந்து அவர் தோளில் கைவைத்தார். "மறைக்காம சொன்னீங்க சார். இல்லேன்னா எல்லாரும் மாட்டியிருப்போம். உங்களை மாதிரி ஆளுங்க இருக்கறதாலதான் இந்தக் கூட்டம் இன்னும் நிக்குது."

அந்த இடத்திலேயே உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் மீன் கோவையில் இருக்கிறது, போய் ஒரு ஜோடியை மீட்டுக்கொண்டுவந்து காலில் வைத்துவிட்டு அப்புறம் சொல்லலாம் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டு படியிறங்கினார். தெருமுனை வந்ததும் நிவாஸுக்கு ஃபோன் போட்டார்.

"அந்த ஜோடி எனக்குத் திருப்பி வேணும்."

"அது அப்பவே போயிடுச்சே சார். ஆண் பெங்களூருக்கு."

"பெண்மீன்?"

"யாருக்கு சார் வேணும் அது? கலர் இல்ல, வால் இல்ல. போட்டோவுல நல்லாவே வரல. ஒரு கடைக்காரருக்குச் சும்மா குடுத்தேன்."

"குஞ்சு? இருபத்தாறு குடுத்தேனே. அதுல பாதி பெண்ணுதானே?"

"பதினாலு பெண் சார். அரோவானாவுக்குப் போட்டாச்சு."

தணிகாசலம் ஃபோனைக் காதிலேயே வைத்துக்கொண்டு நின்றார். அரோவானா பெரிய மீன், உயிருள்ள சின்ன மீன்தான் அதற்குத் தீனி. அது அவருக்குத் தெரியும். விலைபோகாத குஞ்சை அதற்குப் போடுவது கடைகளில் சாதாரணம்.

"ஏம்பா, வளர்க்கறதுக்குத்தானே வாங்கினே?"

"வளர்க்கறதா? சார், இது குஞ்சு பொரிச்சு ஆளாக நாலு மாசம். கை மாத்தினா நாலு நாள்ல மேல கிடைக்குது. யாரு சார் வளர்ப்பாங்க?"

அதிலிருந்து எட்டு மாதம் தணிகாசலம் அலைந்தார். கோவைக்குப் போய் அந்தக் கடைக்காரரைக் கண்டுபிடித்தார். பெண்மீனை எந்தத் தொட்டியில் விட்டோம் என்றே கடைக்காரருக்கு நினைவில்லை. பெங்களூர்க்காரர் ஹைதராபாத்துக்கு விற்றிருந்தார். அங்கிருந்தவர் ஒரு வாரம்கூட வைத்திருக்கவில்லை. ஒவ்வொரு கை மாறும்போதும் விலை ஏறியது. வாங்கிய எல்லோரும் எவ்வளவுக்கு விற்றோம் என்று சொன்னார்கள், பெருமையாகச் சொன்னார்கள். அதோடு எந்தப் பெண்மீனைச் சேர்த்தீர்கள் என்று கேட்டால் சிரித்தார்கள்.

பன்னிரண்டு ஆண்குஞ்சில் நான்கு பார்சலிலேயே செத்திருந்தன. மூன்று ஒரே தொட்டியில் விடப்பட்டு ஒன்றையொன்று கடித்துச் செத்தன. மற்றவை எங்கே போயின என்று தடமே கிடைக்கவில்லை.

கடைசியில் ஈரோட்டில் ஒரு பல் டாக்டரின் வரவேற்பறையில், மேஜைமேல் கண்ணாடிக் கிண்ணத்தில், அவர் வளர்த்த அந்தத் தகப்பன்மீன் இருந்தது. பார்த்தவுடன் தெரிந்தது. ஆனால் உடல் சுருங்கியிருந்தது. கறுப்பு வெளுத்திருந்தது. துடுப்பின் நுனி கிழிந்து தொங்கியது. கரை மட்டும் இருந்தது.

"விக்கறதுக்கு வாங்கல. ராசின்னு சொன்னாங்க, வெச்சிருக்கேன்" என்றார் டாக்டர். பேசிப் பேசி எழுபதாயிரத்துக்கு ஒத்துக்கொண்டார். தணிகாசலம் விரலில் இருந்த மோதிரத்தையும் கழுத்துச் சங்கிலியையும் அந்த ஊரிலேயே விற்றுக் கொடுத்தார். பஸ்ஸில் ஏழு மணி நேரம் பாட்டிலை மடியைவிட்டு இறக்கவில்லை.

மாடியில் வாத்தியாரம்மா மட்டும் இருந்தார். சாதாரண சிவப்பு ஃபைட்டர்களுக்குத் தீனி போட்டுக்கொண்டிருந்தார். அலமாரியின் இடதுபக்கம் இன்னும் காலியாகத்தான் இருந்தது.

"வாங்கண்ணே. எங்க ஆளையே காணோம்? இளைச்சுப்போயிட்டீங்களே."

தணிகாசலம் பாட்டிலை அவர் முன்னால் வைத்தார்.

வாத்தியாரம்மா குனிந்து பார்த்தார். பார்த்தவர் அப்படியே நின்றார். கை தானாக வாயைப் பொத்தியது.

"இது... இது எப்படி?"

"நான் உங்களுக்குச் சொன்னது பொய். ஒண்ணும் சாகல. வித்துட்டேன். குஞ்சு, பெருசு, எல்லாத்தையும்."

வாத்தியாரம்மா தீனி டப்பாவை மூடிக் கீழே வைத்தார். 

"முதுகு வளைஞ்சுதுன்னு சொன்னீங்க."

"நீங்க கேட்டீங்க. சொல்லிட்டேன்."

"அப்போ என் மீனுக்கு ஒண்ணுமே இல்லையா?"

தணிகாசலத்தால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. "ஒண்ணும் இல்ல. நல்லா இருந்துச்சு."

"நல்லா இருந்துச்சு" என்று வாத்தியாரம்மா திருப்பிச் சொன்னார். "நானும் நினைச்சேன். ஒண்ணொண்ணா கிண்ணத்துல விடும்போது, எவ்வளவு நல்லா இருக்கு, இதுக்குள்ளயா சீக்கு இருக்குன்னு நினைச்சேன். ஒரு பெண்மீன் முட்டையோட இருந்துச்சு. அதை மட்டும் வெச்சுப் பாக்கலாமான்னு ரெண்டு மணி நேரம் பாட்டிலைக் கையில வெச்சுக்கிட்டே உக்காந்திருந்தேன். அண்ணன் பொய் சொல்லமாட்டாருன்னுதான் விட்டேன்."

தணிகாசலம் தரையில் உட்கார்ந்துவிட்டார். அழுதார். ஐம்பத்தெட்டு வயசு மனுஷன், மூக்கு ஒழுக அழுதார். வாத்தியாரம்மா தடுக்கவும் இல்லை, தேற்றவும் இல்லை.

அழுது ஓய்ந்ததும் அவர் ஒரு சின்ன முகம் பார்க்கும் கண்ணாடியை எடுத்து வந்தார். அதைப் பாட்டிலோடு ஒட்டி நிறுத்தினார். உடம்பில் தெம்பிருக்கிற ஃபைட்டர் கண்ணாடியில் தன்னைப் பார்த்தாலே எதிரி என்று செவுளை விரித்துச் சீறும். சங்குக்கரை கண்ணாடியைப் பார்த்தது. பேசாமல் திரும்பி, அடியில் போய்ப் படுத்துக்கொண்டது.

"பெண்மீன்?" என்றார் வாத்தியாரம்மா.

"எங்கயும் இல்ல. எட்டு மாசம் தேடிட்டேன். பெண் ஒண்ணுகூட இல்ல. ஆணுலயும் கையில கிடைச்சது இது ஒண்ணுதான்."

வாத்தியாரம்மா கண்ணாடியை எடுத்து ஓரமாக வைத்தார்.

"லத்தீஃப் பாய்கிட்டயும் கோதண்டம் சார்கிட்டயும் நீங்களே போய்ச் சொல்லிடுங்க. அவங்களும் நம்பித்தான் கொன்னாங்க."

"சொல்றேன். இப்பவே போறேன்." தணிகாசலம் கைகூப்பினார். "ஆனா இதுக்கு என்ன ஈடு குடுக்கணும்னு சொல்லுங்கம்மா. வீட்டுப் பத்திரம் இருக்கு, ஓய்வுப் பணம் கொஞ்சம் மிச்சம் இருக்கு. என்ன விலை சொன்னாலும் குடுத்துடறேன். ஒரு விலை சொல்லுங்க."

வாத்தியாரம்மா பாட்டிலை எடுத்து மூடியைத் திருகினார். காற்றுத் துளை அடைத்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்தார். பிறகு அதைத் தணிகாசலத்தின் இரண்டு கைக்குள்ளும் வைத்து மூடினார்.

"என்னை ஏன் கேக்கறீங்க? உலகத்துலயே இது ஒண்ணுதான் மிச்சம். இனிமே விலை நீங்கதான் சொல்லணும் அண்ணே. என்ன சொன்னாலும் தருவாங்க."